கிழங்கு உரிக்கும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?

கேள்வி: சேலத்தில் அப்பா வைத்திருந்த லேத் பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு மெஷின் செய்து கொடுப்பதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் முக்கிய வேலை. குச்சிக்கிழங்கின் (மரவள்ளிக் கிழங்கின்) தோலை உரிக்கும் டிரம்மில் ஒல்லிக் கிழங்கு சதையோடு தேய்ந்துவிடுகிறது. பருத்த கிழங்கில் தோல் மிச்சம் நிற்கிறது. அதனால் டிரம்மை மூன்று அறையாகப் பிரித்து, ஒவ்வோர் அறையின் முடிவிலும் கிழங்கு வெளியே விழ இடைவெளி விட்டேன். முதல் அறையில் குறுகலான இடைவெளி, போகப் போக அகலம். ஒல்லிக் கிழங்கு சீக்கிரம் வெளியேறிவிடும். இப்படி ஒரு மெஷினை மூன்று மாதம் முன்பு ஆத்தூர் பக்கம் ஓர் ஆலைக்குச் சோதனைக்குக் கொடுத்தேன். இரும்பு விலை மட்டும்தான் வாங்கினேன். முதலாளியின் மகன் என்னைக் கேட்காமலே அதை யூடியூபில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் ஃபிட்டர் அண்ணன் ஒரு யோசனை சொல்ல, அறைகளுக்கு நடுவே ஸ்பிரிங் கதவு வைத்தோம். கிழங்கின் எடை ஏறினால்தான் அது திறக்கும். அந்த மெஷின் இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. ஒரு கன்சல்டன்ட் ஒன்றரை லட்சத்துக்கு ‘உலக பேட்டன்ட்’ வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பிரையர் ஆர்ட், கிளெய்ம், புரொவிஷனல், பெண்டிங் என்று அவர் சொன்ன எதுவும் புரியவில்லை. புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த மூன்று மாதக் கணக்கும் யூடியூப் வீடியோவும்தான். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். ஸ்பிரிங் கதவு வைத்த மெஷின் இன்னும் வெளியே போகவில்லை என்கிறீர்கள். விண்ணப்பம் போடும்வரை அது அங்கேயே இருக்கட்டும். ஆலைக்காரர்கள் பட்டறைக்கு வந்தால் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், தொழில் கண்காட்சி, கொட்டேஷனோடு அனுப்பும் போட்டோ, எதுவும் இப்போது வேண்டாம். காட்டியே ஆக வேண்டியவர் என்றால், பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு காட்டுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காப்புரிமையைப் பலரும் அரசு கொடுக்கும் பரிசாகவோ தரச்சான்றாகவோ நினைக்கிறார்கள். அது ஒரு கொடுக்கல் வாங்கல். உங்கள் கண்டுபிடிப்பை ஒளிவுமறைவில்லாமல், இதே தொழில் தெரிந்த இன்னொருவர் படித்துவிட்டுச் செய்ய முடிகிற அளவுக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். பதிலுக்கு அரசு, விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டுக்கு, உங்கள் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதை இந்தியாவில் செய்யவோ, பயன்படுத்தவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது என்று தடுக்கும் உரிமையைத் தருகிறது. 20 ஆண்டு முடிந்தால் அது ஊர்ச்சொத்து. யார் வேண்டுமானாலும் செய்யலாம். 1970-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை.

ஒரு மெஷின் காப்புரிமைக்குத் தகுதி பெற மூன்று விஷயம் வேண்டும். புதிதாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவருக்கு ‘இதைத்தான் யாரும் செய்வார்களே’ என்று தோன்றாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். மூன்றாவதைப் பற்றி உங்களுக்குக் கவலையே இல்லை, ஆலையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள். முதல் இரண்டில்தான் வேலை இருக்கிறது.

புதியதா என்று பார்க்க எதோடு ஒப்பிடுவார்கள்? உங்கள் விண்ணப்பத் தேதிக்கு முன்னால் உலகத்துக்குத் தெரிந்திருந்த எல்லாவற்றோடும். அதைத்தான் பிரையர் ஆர்ட் என்கிறார்கள். மற்றவர்களின் காப்புரிமை ஆவணங்கள் அதில் ஒரு பகுதி மட்டும்தான். ஆய்வுக் கட்டுரை, மெஷின் கம்பெனியின் கேட்லாக், கண்காட்சித் துண்டறிக்கை, யூடியூப் வீடியோ, நம்மூர் ஆலை ஒன்றில் எல்லோர் கண்முன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின், எல்லாமே கணக்கில் வரும். அமெரிக்காவில் 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளைக் காயத்துக்குப் போடுவது சம்பந்தமாக ஒரு காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர் அதை எதிர்த்தது. 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் பழைய நூல்களையும் எடுத்துக் காட்டியது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. பழைய இதழில் வந்த ஒரு கட்டுரைக்கே அவ்வளவு பலம் இருக்கிறது.

அதனால், பணம் கட்டுவதற்கு முன் தேடுங்கள். செலவில்லை. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் இன்பாஸ் என்ற தேடல் வசதி இருக்கிறது. கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் ஆகியவற்றிலும் தேடலாம். நம் ஊரில் குச்சிக்கிழங்கு என்றாலும், அங்கே கசாவா, டேப்பியோகா, மேனியாக் என்று மூன்று பெயரிலும் தேட வேண்டும். காய், பழம், கிழங்குத் தோலுரிக்கும் மெஷின்களுக்கு ஏ23என் 7 என்று உலகம் முழுக்க ஒரே வகைப்பாட்டு எண் உண்டு. அந்த எண்ணை வைத்துத் தேடினால், சீனாக்காரரும் பிரேசில்காரரும் என்ன பெயர் வைத்திருந்தாலும் வந்து விழும். திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள், நம் மாவட்டத்திலேயே ஏத்தாப்பூரில் இருக்கும் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள், வேளாண் பொறியியல் மாணவர்களின் ஆய்வேடுகள், இவற்றையும் விடாதீர்கள். படம் இருந்தால் படத்தை முதலில் பாருங்கள். லேத் ஓட்டுகிற உங்களுக்கு வரைபடம் எந்த மொழியில் இருந்தாலும் புரியும்.

இப்போது அந்த வீடியோ. நம் சட்டத்தில், நாமே வெளியே சொல்லிவிட்டு ஓராண்டுக்குள் விண்ணப்பம் போட்டால் போதும் என்கிற பொதுவான சலுகை கிடையாது. வேறு சில நாடுகளில் உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். இங்கே குறுகலான சில விதிவிலக்குகள் மட்டும்தான். உங்களுக்கு இரண்டு பொருந்தலாம். 32-வது பிரிவு, நியாயமான சோதனைக்காக மட்டுமே ஒரு கண்டுபிடிப்பைப் பொது இடத்தில் இயக்கிப் பார்த்திருந்து, அதன் தன்மைப்படி அப்படித்தான் சோதிக்க முடியும் என்றால், ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவருக்கு அதனால் பாதகமில்லை என்கிறது. ஒரு லோடு கிழங்கைப் பட்டறையில் கொட்டிச் சோதிக்க முடியாது, ஆலையில்தான் முடியும் என்று உங்களால் சொல்ல முடியும். 29-வது பிரிவு, உங்களிடமிருந்து தெரிந்துகொண்ட ஒருவர் உங்கள் சம்மதமில்லாமல் வெளியிட்டிருந்தால், அது தெரிந்ததும் காலம் கடத்தாமல் விண்ணப்பித்தவரைக் காப்பாற்றுகிறது.

ஆனால் இரண்டுமே ஓர் இடத்தில் அறுந்துவிடும். சோதனை என்பது வியாபாரமாக மாறியிருக்கக் கூடாது. இரும்பு விலை மட்டும் வாங்கியது நல்லது. அதற்கு என்ன பில் போட்டீர்கள் என்று பாருங்கள். ‘கிழங்கு உரிக்கும் மெஷின் – 1’ என்று விற்பனைப் பில்லாக இருந்தால் நாளைக்கு எதிராளி அதைத்தான் நீட்டுவார். அந்த ஆலை மூன்று மாதமாக அதே மெஷினில் தினசரி உற்பத்தி நடத்திக்கொண்டிருந்தாலும் சோதனை என்ற வாதம் பலவீனமாகும்.

வீடியோவையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வெளியே டிரம் சுற்றுவதும், வெள்ளையாகக் கிழங்கு விழுவதும் மட்டும் தெரிகிறதா, உள்ளே அறைகளும் இடைவெளியும் தெரிகின்றனவா? பார்ப்பவருக்குக் கண்டுபிடிப்பு என்னவென்று புரியும்படி இருந்தால்தான் அது வெளியீடு. டிரம்மின் முதுகு மட்டும் தெரியும் வீடியோவால் பெரிய கெடுதல் இல்லை. எப்படியானாலும் அந்தப் பையனிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு நகலும், அது ஏற்றப்பட்ட தேதியும் உங்களிடம் இருக்கட்டும்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். அறை பிரித்ததும் இடைவெளி விட்டதும் மட்டும்தான் உங்கள் கண்டுபிடிப்பு என்றால், நீங்கள் ஒரு வழக்கையே எதிர்பார்த்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங் கதவு வந்த பிறகு நிலைமை வேறு. அதை வெளியார் யாரும் பார்க்கவில்லை. உங்கள் காப்புரிமை நிற்கப் போவது அந்தக் கதவின் மேல்தான்.

அடுத்தது இரண்டாவது தகுதி, ‘யாருக்கும் தோன்றிவிடக் கூடாது’ என்பது. பட்டறைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தீர்ப்பு இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே லேத்தில் பாத்திரத்தைப் பிடித்துக் கடைவதற்கான ஓர் அமைப்புக்கு ஒரு நிறுவனம் 1951 டிசம்பரிலிருந்து செல்லுபடியாகும்படி காப்புரிமை வாங்கியிருந்தது. வேலை நடக்கும்போது பாத்திரம் நழுவி விழாமலிருக்க, எதிர்ப்பக்கம், லேத்தின் மறுமுனைத் தாங்கியான டெயில்ஸ்டாக்கின் கூர்முனையால் அழுத்திப் பிடிப்பதுதான் அதன் சாரம். இன்னொரு நிறுவனம் அதையே செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1978 டிசம்பரில் தீர்ப்பு. டெயில்ஸ்டாக் லேத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே கொண்டுவந்து வைத்தது ஒரு பட்டறைச் சீர்திருத்தம் மட்டுமே, கண்டுபிடிப்பு ஆகாது என்று சொல்லி, காப்புரிமை செல்லாது என்றார்கள். வேலை சுலபமானதையும் பாத்திரம் நழுவாமல் நின்றதையும் யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் அது போதவில்லை.

உங்கள் மெஷினை ஆய்வு செய்யும் அதிகாரியும் இதே கேள்வியைக் கேட்பார். சட்டத்தின் 3(எஃப்) பிரிவையும் சேர்த்துக் கேட்பார்: தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கி வைத்து, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பு இல்லை என்கிற பிரிவு. டிரம் தெரிந்தது, சலிக்கும் இடைவெளி தெரிந்தது, ஸ்பிரிங் கதவும் தெரிந்தது, மூன்றையும் சேர்த்தால் என்ன புதுமை என்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது, கடிதத்திலேயே பாதி எழுதியிருக்கிறீர்கள். ஒல்லிக் கிழங்கு இடைவெளி வழியாக வெளியேறிவிட்டால், கதவில் தேங்குவது பருத்த கிழங்கு மட்டும். அது எடை சேரும்வரை அறைக்குள்ளேயே கூடுதல் நேரம் தேய்படும். அதாவது, இடைவெளி இல்லாவிட்டால் கதவு எல்லாக் கிழங்கையும் சேர்த்துப் பிடித்துவைத்து ஒல்லியை வீணாக்கும். கதவு இல்லாவிட்டால் பருத்தது தோலோடு அடுத்த அறைக்கு ஓடிவிடும். ஒன்று இல்லாமல் மற்றது இந்த வேலையைச் செய்யாது. இந்த இரண்டு வாக்கியங்கள் உங்கள் விண்ணப்பத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கையோடு எடை போட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வண்டியில் வந்த கிழங்கை மூன்று பங்காக்கி, பழைய டிரம், அறை மட்டும் வைத்த டிரம், கதவும் வைத்த டிரம் என்று ஓட்டுங்கள். ஒவ்வொன்றிலும் கழிந்த தோலின் எடை, தோல் ஒட்டிக்கொண்டு வந்த கிழங்கின் எடை, எடுத்த நேரம், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். தோலோடு போகும் சதை மாவுதானே. மாவு போனால் காசு போயிற்று. தொழில்நுட்ப முன்னேற்றம் அல்லது பொருளாதார முக்கியத்துவம் என்று சட்டம் கேட்பதற்கு இந்த நோட்டைவிட நல்ல பதில் கிடையாது. கதவு வைத்த டிரம்மை உங்கள் பட்டறைக்குள்ளேயே, உங்கள் ஆட்களை வைத்தே ஓட்டுங்கள். நாலைந்து மூட்டைக் கிழங்கு போதும்.

இனி கிளெய்ம். இந்தப் பதிலில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். காப்புரிமை ஆவணத்தில் பின்னணி, விளக்கம், வரைபடம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். கடைசியில் எண் போட்டு வரும் வாக்கியங்கள்தான் கிளெய்ம். நிலப் பத்திரத்தில் நிலத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் உங்களுக்குச் சொந்தமானது நான்கு எல்லை சொல்லும் செக்குபந்திக்குள் அடங்குகிற இடம் மட்டும்தானே, அதே கதைதான் இங்கேயும். விளக்கத்தில் அற்புதமாக எழுதிவிட்டு கிளெய்மில் விட்டுவிட்டால் அது உங்களுடையது இல்லை.

உங்கள் மெஷினையே வைத்துக்கொள்வோம். ‘குச்சிக்கிழங்கின் தோலை உரிக்கும் ஒரு மெஷின்’ என்று எழுதினால்? கேட்கப் பெரிதாக இருக்கிறது. உலகத்திலுள்ள எல்லாத் தோலுரிக்கும் மெஷினும் அதற்குள் வருகிறது. அதனாலேயே முதல் பார்வையில் அடிபட்டுப்போகும். ஏற்கனவே இருப்பதை உங்களுடையது என்று கேட்க முடியாது.

சரி, பயந்துபோய் மறுமுனைக்கு ஓடினால்? ‘மூன்று அறை, எட்டு மில்லிமீட்டர் கம்பி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங், இரண்டு எச்.பி மோட்டார் கொண்ட மெஷின்’ என்று எழுதினால் சுலபமாகக் கிடைத்துவிடும். ஃபிரேம் போட்டு மாட்டி வைக்கலாம். பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் நான்கு அறை வைப்பார், ஸ்பிரிங்குக்குப் பதில் எடைக்கல் கட்டுவார், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. பொதுவான விதி இதுதான்: கிளெய்மில் சொன்ன அம்சங்கள் அத்தனையும் எதிராளியின் மெஷினில் இருந்தால்தான் அத்துமீறல். நீங்கள் எழுதிச் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு ஒரு தப்பிக்கும் வழி.

நடுவில் நிற்கிற ஒரு கிளெய்ம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: ‘கிழங்குகளைத் தேய்த்துத் தோலுரிக்கும் சுழலும் உருளை, அந்த உருளைக்குள் நீளவாக்கில் அடுத்தடுத்து அமைந்த குறைந்தது இரண்டு அறைகள், ஒவ்வோர் அறையின் முடிவிலும் கிழங்கு வெளியேறும் இடைவெளிகள், அவை முந்தைய அறையைவிட அடுத்த அறையில் அகலமானவை, அடுத்தடுத்த அறைகளுக்கு நடுவே, தேங்கிய கிழங்கின் எடை குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது திறக்குமாறு விசை கொடுத்து மூடி நிறுத்தப்பட்ட ஒரு கதவு, இவற்றைக் கொண்ட கிழங்குத் தோலுரிக்கும் மெஷின்.’

பார்த்தீர்களா, மூன்று அறை என்று சொல்லவில்லை, ‘குறைந்தது இரண்டு’. ஸ்பிரிங் என்று சொல்லவில்லை, ‘விசை கொடுத்து’. எடைக்கல் கட்டினாலும் உள்ளே வந்துவிடும். குச்சிக்கிழங்கு என்றும் சொல்லவில்லை. நாளைக்கு ஒருவர் உருளைக்கிழங்குக்கு இதைச் செய்தாலும் உங்கள் எல்லைக்குள்தான். மூன்று அறை, ஸ்பிரிங், கம்பியின் அளவு இவற்றையெல்லாம் இரண்டாவது, மூன்றாவது கிளெய்மாக, ‘முதல் கிளெய்மில் சொன்ன மெஷின், அதில் விசை என்பது ஸ்பிரிங்’ என்று வரிசையாக வைக்கலாம். ஆய்வில் முதல் கிளெய்ம் அகலமாக இருக்கிறது என்று அடிபட்டாலும், பின்வாங்கி நிற்க இடமிருக்கும். நான் எழுதியது புரிவதற்கான மாதிரி மட்டுமே. நீங்கள் தேடிப் பார்த்தபின் என்னென்ன பிரையர் ஆர்ட் கிடைக்கிறதோ, அதைப் பொறுத்துச் சொற்கள் மாறும். விண்ணப்பம் எழுதித் தரும் பேட்டன்ட் ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணம் இந்த அரைப் பக்கத்துக்காகத்தான். அவர் எழுதியதை வாங்கிப் படித்து, ‘இதை நானே எப்படி ஏமாற்றிச் செய்வேன்’ என்று உங்கள் ஃபிட்டரோடு உட்கார்ந்து யோசியுங்கள். ஓட்டை இருந்தால் பட்டறைக்காரர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

புரொவிஷனல், கம்ப்ளீட் என்பதெல்லாம் சுலபம். புரொவிஷனல் என்பது கண்டுபிடிப்பை விளக்கி, கிளெய்ம் இல்லாமலேயே போடும் முதல் விண்ணப்பம். அதன் பயன், தேதியைப் பிடித்துவைப்பது. 12 மாதத்துக்குள் கிளெய்மோடு முழு விவரக்குறிப்பை, அதாவது கம்ப்ளீட்டைப் போட வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், நீட்டிப்பு கிடையாது. ஆனால் புரொவிஷனலில் எழுதியதற்கு மட்டும்தான் அந்தத் தேதி கிடைக்கும். ‘தோலுரிக்கும் மெஷினில் முன்னேற்றம்’ என்று ஒரு பக்கம் எழுதிப் போட்டுவிட்டு, கதவை அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. அறைகள், இடைவெளி, கதவு, எடைக்கல் வைத்தால் எப்படி, எல்லாவற்றையும் வரைபடத்தோடு முதலிலேயே போட்டுவிடுங்கள். உங்கள் நிலைமையில் இந்த மாதமே புரொவிஷனல் போடுவதுதான் சரி.

செலவு எவ்வளவு? தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், ஆய்வு செய்யக் கோரும் கட்டணம் 4,000 ரூபாய். அரசுக்குக் கட்டுவது அடிப்படையில் 5,600 ரூபாய்தான். விவரக்குறிப்பு 30 பக்கத்தையோ, கிளெய்ம் 10-ஐயோ தாண்டினால் கூடுதல். ஏஜென்ட் கட்டணம் தனி. ஆய்வுக் கோரிக்கை தானாக நடக்காது. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு, முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் நாமே கேட்க வேண்டும். முன்பு 48 மாதம் இருந்தது. பழைய தகவலை நம்பி உட்கார்ந்திருந்தால் விண்ணப்பம் போய்விடும்.

விண்ணப்பம் 18 மாதத்துக்குப் பிறகு காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். ஆய்வு அறிக்கை வந்தால் 6 மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். காப்புரிமை கிடைப்பதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். கிடைத்த பிறகும் ஓராண்டுக்குள் சம்பந்தப்பட்டவர் எதிர்க்கலாம். கிடைத்தபின், விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணும் மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. தனிநபருக்கு ஆண்டுக்கு 800 ரூபாயில் தொடங்கிக் கடைசி ஆண்டுகளில் 8,000 ரூபாய்வரை போகும். உங்களுக்கு ஒரு வழி கூடுதலாகத் திறந்திருக்கிறது. விண்ணப்பதாரர்கள் தனிநபர்களாக இருந்து அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால், விரைவு ஆய்வு கேட்கலாம். 4,000-க்குப் பதில் 8,000 ரூபாய், முன்கூட்டி வெளியிடக் கோரும் கட்டணம் 2,500 ரூபாய். உங்கள் பெயரில் போட்டால் இந்த வழி கிடைக்கும்.

பெயர் என்றதும், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்ட ஒன்றுக்கு வருகிறேன். கதவு யோசனை ஃபிட்டர் அண்ணனுடையது என்கிறீர்கள். அப்படியானால் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரோடு அவர் பெயரும் இருந்தே ஆக வேண்டும். சம்பளம் கொடுக்கிறோம் என்பதால் அவருடைய யோசனை தானாக முதலாளியுடையது ஆகிவிடாது. கண்டுபிடித்தவர் வேறு, விண்ணப்பதாரர் வேறு. அவர் தன் உரிமையை உங்களுக்கு எழுத்தில் கொடுத்தால் விண்ணப்பதாரராக நீங்கள் மட்டும் இருக்கலாம். அதற்கு என்ன கொடுப்பது என்பதை இப்போதே, மெஷின் விற்கத் தொடங்குவதற்கு முன்னால், உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். ஒரு மெஷினுக்கு இவ்வளவு என்று வைப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. பத்து வருடம் சேர்ந்து வேலை செய்தவர்கள் இந்த ஒரு காகிதம் இல்லாததால் கோர்ட்டில் எதிரெதிரே நிற்பதைப் பார்க்கவே சகிக்காது. உண்மையான கண்டுபிடிப்பாளரை மறைத்து, அவர் உரிமையைத் தவறாக எடுத்துக்கொண்டு வாங்கிய காப்புரிமையை ரத்து செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

உங்கள் கன்சல்டன்ட் சொன்ன ‘உலக பேட்டன்ட்’ என்று ஒன்று உலகத்தில் கிடையாது. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. பி.சி.டி என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்கீழ் ஒரே விண்ணப்பம் போட்டு, எந்தெந்த நாட்டுக்குப் போவது என்று முடிவு செய்ய முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 30, 31 மாதம்வரை அவகாசம் வாங்கலாம். அதற்குப் பிறகு அந்தந்த நாட்டில் தனித்தனியாகப் பணம் கட்டித்தான் வாங்க வேண்டும். நைஜீரியாவும் தாய்லாந்தும் மரவள்ளியில் பெரிய நாடுகள். அங்கே மெஷின் அனுப்பும் எண்ணம் இருந்தால் 12 மாதத்துக்குள் யோசிக்கலாம். இப்போதைக்கு இந்தியா போதும். அந்த நபர் பதிவுபெற்ற பேட்டன்ட் ஏஜென்டா என்று காப்புரிமை அலுவலக இணையதளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள். பெயர் இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆனால் எல்லாம் ஆன்லைன் என்பதால் அலைய வேண்டியதில்லை.

‘பேட்டன்ட் பெண்டிங்’ என்றால் விண்ணப்பம் போட்டாயிற்று, இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். விண்ணப்பம் போட்ட மறுநாள் முதல் மெஷினில் அப்படி எழுதிக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் யார் மேலும் வழக்குப் போட முடியாது. காப்புரிமை கிடைத்தபின் போடும் வழக்கில், விண்ணப்பம் இதழில் வெளியான தேதியிலிருந்து நஷ்டஈடு கேட்கலாம். விண்ணப்பமே போடாமல் பெண்டிங் என்றோ, கிடைக்காமலே பேட்டன்டட் என்றோ எழுதினால் பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம்.

நீங்கள் கேட்காத ஒன்று: இதெல்லாம் வேண்டுமா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிங்கப்பூர், மலேயாவிலிருந்து சேகோ வருவது நின்றபோதுதான் சேலத்தில் இந்தத் தொழில் எழுந்தது. மெஷின்களை நம் பட்டறைகள் தாங்களாகவே யோசித்து, ஒன்றைப் பார்த்து ஒன்று செய்து வளர்த்தன. அப்படிப் பார்த்துச் செய்வதில் தப்பில்லை, தொழில் வளர்ந்ததே அப்படித்தான். ஆனால் யோசித்த பட்டறைக்கு அதில் ஒன்றும் தங்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம். உங்கள் மெஷினைக் கழற்றிப் பார்த்தால் அரைமணியில் எல்லாம் தெரிந்துவிடும், ரகசியமாக வைத்துக் காப்பாற்ற முடியாது. எனவே இதைப் பதிவு செய்யத்தான் சொல்வேன். வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கும், செலவும் உண்டு. ஆனாலும் கையில் காப்புரிமை இருந்தால் பெரும்பாலும் ஒரு வக்கீல் நோட்டீஸிலேயே, லைசென்ஸ் கொடுங்கள் என்று எதிராளி பேச வருவார்.

சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் கிடைத்த புவிசார் குறியீட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஊரின் பெயருக்கான பாதுகாப்பு, மெஷினுக்குச் சம்பந்தமில்லை. மெஷினின் வெளித்தோற்றத்துக்கு டிசைன் பதிவு, பட்டறைப் பெயருக்கு டிரேட்மார்க், இரண்டும் தனித்தனிச் சட்டம். டிரம்மின் தோற்றத்தைப் பார்த்து யாரும் வாங்கப் போவதில்லை. டிசைனில் பணம் போடாதீர்கள்.

இந்த வாரமே ஆத்தூர் ஆலை முதலாளியிடம் போய் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். மெஷின் எந்தத் தேதியில் வந்தது, சோதித்துப் பார்க்கத்தான் வந்தது, கொடுத்த பணம் பொருள் விலை மட்டுமே, வீடியோ உங்களைக் கேட்காமல் போடப்பட்டது, இந்த நான்கும் அதில் இருக்கட்டும். அவர் கையெழுத்தும் தேதியும் மறக்க வேண்டாம். இப்போது உறவு நன்றாக இருக்கும்போது மனமுவந்து எழுதிக் கொடுப்பார். நாளைக்கு வேறொரு பட்டறை அவருக்கு அதே மெஷினைக் குறைந்த விலைக்குக் கொடுத்தபின் போய்க் கேட்டால் கிடைக்காது.